குட்டைப் புட்டி

மதாம் ஓடிலை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, என் பீப்பாயைத் திறந்த ஜனவரிக் கடைசி நாள் காலையில். அவர் அதன் வயிற்றில் காதை வைத்து விரல்முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

பிரான்சின் கிழக்கே, சுவிஸ் எல்லையை ஒட்டிய சின்ன ஒயின் வட்டாரம் ஜூரா. காரைக்காலில் பிறந்த நான் ஜூராவுக்குப் பக்கத்திலுள்ள பர்கண்டியில் பதினோரு வருடம் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். மனைவி இறந்தபின் ஜூராவுக்குப் போய் மதாமின் தோட்டத்தில் சேர்ந்தேன். மதாமுக்கும் என் வயதுதான். தொழிலில் அவர் எனக்குக் குரு. கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்வது அபூர்வம்.

இவ்வளவு சின்னச் சரிவில் ஏன் ஐந்து வகைத் திராட்சை என்று முதல் வாரம் கேட்டேன். காலணியைக் கழற்றச் சொன்னார். மேட்டில் நடந்தபோது சரளைக்கல் குத்தியது. வெயிலைப் பிடித்துவைக்கும் அந்தக் கல்லில்தான் துரூசோ என்ற கறுப்புத் திராட்சை பழுக்கும். கீழே நீலச் சாம்பல் களிமண் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. அது சவாஞன் என்ற வெள்ளைத் திராட்சையின் இடம். புல்சார் என்ற இன்னொரு வகையின் தோல் எவ்வளவு மெல்லியது என்று கேட்டதற்கு, ஒரு பழத்தை என் கையில் வைத்து மூடச் சொன்னார். திறந்தபோது சாறுதான் இருந்தது.

சவாஞனிலிருந்து மஞ்சள் ஒயின் செய்வார்கள். அதை முதன்முதலில் முகர்ந்ததும் "வெந்தயம்" என்றேன். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. மறுநாள், மனைவியின் அஞ்சறைப்பெட்டியில் மிச்சமிருந்ததை வறுத்து எடுத்துப்போனேன். வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். அந்த ஒயினின் புட்டி மட்டும் ஏன் குட்டை என்று கேட்டேன். பதிலாக ஒரு பீப்பாய் வந்தது.

"ஆறு வருடம் மூன்று மாதம் தொடாமல் வையுங்கள். தேறினால் சவாஞன் நிற்கும் நான்கு வரிசை உங்கள் பொறுப்பு. காடியானால் பர்கண்டிக்கே போய்விடுங்கள்."

பர்கண்டியில் பீப்பாயில் ஒயின் குறையக் குறைய வாராவாரம் நிரப்புவோம். பதினோரு வருடப் பழக்கம். இரண்டாம் குளிர்காலத்தில் தட்டிப் பார்த்தேன். மேலே வெற்றொலி. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் ஒரு குடுவை ஒயினை ஊற்றிவிட்டேன்.

விளக்கைப் பிடித்துப் பார்த்தால், மேலே பாலேடு போலப் படர்ந்திருந்த வெள்ளைப் படலம் கிழிந்து அமிழ்ந்துகொண்டிருந்தது. காற்றிலிருந்து ஒயினைக் காப்பது அந்த ஏடுதான் என்று மதாம் சொல்லித்தான் இருந்தார். கை கேட்கவில்லை.

அவரிடமே போய்ச் சொன்னேன்.

"எவ்வளவு ஊற்றினீர்கள், பர்கண்டிக்காரரே?"

"ஒரு குடுவை."

கண்ணாடிக் குழாயால் அதே அளவு உறிஞ்சி எடுத்தார். மதியச் சாப்பாட்டில் இருவரும் அதைக் குடித்தோம். பர்கண்டியில் இதைப் பாராட்டுவார்கள் என்றார். ஏடு மறுபடி படருமா என்று கேட்டேன். ரொட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

அதன்பின் நான் அடைப்பைத் திறக்கவில்லை. தட்ட மட்டும் தட்டுவேன். வெற்றொலி வருடத்துக்கு வருடம் கீழே இறங்கியது.

அந்த ஜனவரிக் காலையில் மதாம் காதை எடுத்துவிட்டு அடைப்பைத் திறந்தார். விளக்கொளியில் ஏடு சாம்பல் நிறத்தில் கிழிசல் இல்லாமல் கிடந்தது. ஒரு கோப்பை எடுத்து முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து தன் கவாத்துக் கத்தரியை எடுத்து என் கையில் வைத்தார்.

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. பீப்பாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம்.

"குறைந்ததெல்லாம் எங்கே போயிற்று, மதாம்?"

விளக்கை அணைத்தார்.

"மூச்சை இழுங்கள், முசே."

நிலவறை முழுக்க வெந்தயம்.

பிப்ரவரி பிறந்ததும் அவர் இறந்தார். அந்த ஒயினை நான்தான் புட்டிகளில் நிரப்பினேன். ஒரு லிட்டர் ஊற்றிவைத்தால் ஆறு வருடத்தில் அறுபத்திரண்டு சென்டிலிட்டர் மிஞ்சும். குட்டைப் புட்டியில் அவ்வளவுதான் பிடிக்கும்.