உரல் தாங்கிய வயிறு

மாதம் மும்மாரி பெய்த காலத்துக் கதை இது, கேளுங்கள்.

பெரியமடை என்றோர் ஊரில் கொற்றன் என்றொரு மல்லன் இருந்தான். அந்த ஊர் ஏரிக்கு ஒரே மதகு. மதகுக் கல்லில் ஒருவன் நிற்கத்தான் இடம் உண்டு. வெள்ளம் வந்தால் அவன் தனியாளாகப் பலகையை மேலே இழுத்துத் திறக்க வேண்டும். இல்லையென்றால் கரை உடையும், கழனி போகும். அதற்கென்றே ஊர் ஒரு மல்லனுக்கு எண்ணெயும் உளுந்தும் கொடுத்துப் பேணியது.

அவனைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம்தான் வேடிக்கை. கோயில் கொடையன்று, மல்லாந்து படுத்தவன் வயிற்றில் உரலை வைத்து மூன்று மரக்கால் நெல் குத்துவார்கள். முகம் சுளிக்காதவனே மதகு மல்லன். தொடர்ந்து மூன்று ஆண்டு கொற்றன்தான் வென்றான். வரிவரியாகக் கடைந்தெடுத்த வயிறு அவனுக்கு. சும்மா வரவில்லை, தினமும் படுத்தெழுந்து ஆயிரம் எண்ணுவான். எழுநூறைத் தாண்டினால் மூச்சு எங்கே, முதுகு எங்கே என்று தெரியாது. எண்ணிக்கை மட்டும் குறையாது.

அவன் மனைவியின் தம்பி பூதனும் மல்லன். அவன் பயிற்சியைப் பார்த்தால் நமக்குக் கொட்டாவி வரும். முழங்கையையும் கால்விரலையும் தரையில் ஊன்றி, உடம்பைப் பலகைபோல் நிறுத்தி, நிதானமாய் முப்பது மூச்சு விடுவான். ஒரே கையில் நிறைகுடம் தூக்கி, இடுப்பு சாயாமல், சொட்டும் சிந்தாமல் கரையில் நடப்பான். பிறகு கை மாற்றுவான். அவ்வளவுதான்.

மூன்று முறை அவன் கொற்றனையும் தன்னோடு பழக அழைத்தான். முதல் ஆண்டு கொற்றன் சிரித்தான். இரண்டாம் ஆண்டு ஊரைக் கூட்டி வைத்துச் சிரித்தான். மூன்றாம் ஆண்டு பூதன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“மச்சான், உரல் மேலேருந்து அழுத்தும். தண்ணி அப்படி வராது, பக்கவாட்டுல முறுக்கும். வயிறு, முதுகு, விலா மூணும் சேந்து பிடிக்கணும்.”

“குடம் தூக்க உன் அக்கா இருக்கா, மாப்ளே,” என்றான் கொற்றன். ஊர் கைதட்டியது. அந்தக் கைதட்டலைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கார்நெல் முற்றி நின்ற ஐப்பசியில், ஒரு நடுப்பகலில் வெள்ளம் வந்தது. முதல் இழுப்பில் பலகை அசைந்தது. இரண்டாம் இழுப்பில் ஒரு சாண் ஏறியது. மூன்றாம் இழுப்பில் நீர் அதைத் திருகியது. கொற்றனின் இடுப்பு பிடித்துக்கொண்டு, கால் மரத்துப் போனது. பலகை விழுந்தது. கல்லில் சுருண்டு கிடந்தவனைத் தூக்கி அப்புறப்படுத்திவிட்டுப் பூதன் ஏறுவதற்குள் ஒரு நாழிகை போயிற்று. பூதன் திறந்துவிட்டான்தான். ஆனால் அதற்குள் வடகரை உடைந்து, நாற்பது வீட்டு நெல்லும் சேற்றோடு போனது.

யாரும் கொற்றனை ஒரு சொல் சொல்லவில்லை. மறுமாதம், அடுப்பு எரியாத வீட்டுக்காரி ஒருத்தி, வழக்கம் மாறாமல் அவன் பங்கு உளுந்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அந்த உளுந்தைப் பார்த்துத்தான் அவன் அழுதான்.

மறுநாள் தடியூன்றி ஏரிக்கரைக்குப் போனான். “மூணு வருஷம் கூப்பிட்டியே, மாப்ளே,” என்றான். பூதன் தன் குடத்துத் தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டு அவனிடம் கொடுத்தான். ஊரையே வியக்க வைத்த அந்த மல்லனால் பத்தடிகூட நேராக நடக்க முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியும் வயிற்றை மட்டும் வளர்த்துக்கொண்டு, தெரியாத முதுகையும் விலாவையும் மறந்தவன், பாரம் வரும் நாளில் தன்னோடு ஊரையும் சாய்ப்பான்.