காத்தப் பாத்துச் சொல்ற பெட்டி

ஒரு ஊர்ல ஒரு டைலரம்மா இருந்தாளாம். பேரு சம்பூர்ணம். ஊரு பேரு கருங்கரடு. நீ கண்ண மூடிக்கிட்டே கேளு சாமி, ம் மட்டும் கொட்டு, போதும்.

ம்.

அந்த ஊருக்கு மேக்கால ஒரு கல்லு ஒடைக்கிற எடம். கிரஷருன்னு சொல்லுவாங்க. பாறைய உள்ள போட்டா கடகட கடகடன்னு அரைச்சு ஜல்லியாக் கொட்டும். கூடவே மாவாட்டம் தூசி கெளம்பும். ஆடிக் காத்து அடிச்சா அத்தனையும் நேரா ஊருக்குள்ளதான். வேப்பந்தழை வெள்ளையாயிரும், கொடியில போட்ட துணி வெள்ளையாயிரும், எருமைகூட வெள்ளையா நிக்கும்.

சம்பூர்ணத்துக்கு ஒரே மக, யாழினி. அந்தப் புள்ளைக்கு இரைப்பு. தூசி மூக்குல ஏறினாப் போதும், நெஞ்சுக்குள்ள கொய்ங் கொய்ங்குன்னு விசிலடிக்கும். பேச்சே வராது.

அப்புறம் என்னாச்சுன்னா, டவுன் காலேஜ்ல இருந்து வானதின்னு ஒரு டீச்சரம்மா வந்து பள்ளிக்கூடத்து மைதானத்துல ஒரு கம்பம் நட்டாங்க. கம்பத்துல ஒரு வெள்ளப் பெட்டி, அதுக்கு மேல சோலார் தகடு. காத்துல எத்தனை தூசி இருக்குதுன்னு அந்தப் பெட்டி பாத்துச் சொல்லும். காத்து நல்லா இருந்தா பச்சை லைட்டு, சுமாருன்னா மஞ்சள், மோசம்னா சிவப்பு. சிவப்பு எரிஞ்சா புள்ளைங்கள வெளிய விடக்கூடாது, கிரஷர்ல தண்ணி பீச்சித் தூசிய அடக்கோணும்னு ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சாங்க. கிரஷர் மொதலாளியும் சரின்னுட்டாரு.

கொஞ்ச காலம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஒரு ஆடி மாசம் அந்த லைட்டு படுத்துருச்சு. உச்சி வெயில்ல மினுக் மினுக்குன்னு எரியும். வெயில் சாயறதுக்குள்ள பொசுக்குன்னு அணைஞ்சிரும். காலையில, தூசி பறக்கற நேரத்துல, லைட்டே கெடையாது. சிவப்பு இல்லைன்னா காத்து நல்லாத்தான் இருக்கும்னு நெனைச்சு, புள்ளைங்கள வெளையாட விட்டுட்டாங்க.

அப்படி ஒரு நாள் யாழினியும் ஓடினா. பாதி மைதானத்துல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. உதடு நீலம் பாரிச்சுருச்சு. வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. மூக்குல மூடி மாட்டி, புஸ்ஸு புஸ்ஸுன்னு மருந்துப் புகை குடுத்து, புள்ள கண்ணத் தொறந்தா.

என்ன, ம் காணோம்? பயப்படாத தங்கம். பொழச்சுக்கிட்டா.

ம்.

சம்பூர்ணம் வூட்டுக்கு வந்தவொடனே நேரா அந்தக் கம்பத்துக்கிட்டதான் போய் நின்னா. அவளுக்குத் தையல் மிசினு தெரியும், கரண்டு சமாச்சாரம் தெரியாது. வானதியம்மாவுக்குப் போன் போட்டா.

"மேடம், பெட்டி அணைஞ்சு கெடக்குது. என் புள்ள செத்துப் பொழச்சா."

அந்தம்மா பதறிப்போயி, புள்ள இப்ப எப்படி இருக்குதுன்னு கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, "அக்கா, நான் ஊர்ல இல்லை, வர நாளாகும். ஆனா போன விடாதீங்க. நாம ரெண்டு பேரும் சேந்து பாத்துருவோம். மொதல்ல தகடு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

சம்பூர்ணம் ஏணி வாங்கிட்டு வந்து ஏறிப் பாத்தா. தகடா அது? தூசி அப்பிக் கெடக்குது, அதுக்கு மேல காக்கா எச்சம்.

"வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணி விட்டு ஊற வெச்சுத் தொடைங்க. தேங்கா நார் போட்டுத் தேய்ச்சுறாதீங்க, கீறல் விழுந்துரும்."

அவ மறுநாள் விடியக்காலம், தைச்சு மிஞ்சின பருத்தித் துணிய நனைச்சு, கொழந்தை மொகத்தத் தொடைக்கற மாதிரி தொடைச்சா. தகடு பளபளன்னு ஆயிருச்சு. அன்னைக்கு லைட்டு பொழுது சாயற வரைக்கும் எரிஞ்சுது. அடுத்த நாள் காலையில பாத்தா, இல்லை.

மறுபடி போன். "நெழல் ஏதாச்சும் விழுதாக்கா?"

பாத்தா, ஆமா. கெழக்கால வேலியோரம் நாச்சிமுத்து அண்ணனோட வேப்பமரம். ஒரு கொம்பு நீண்டு வந்து, காலையில பாதித் தகட்ட மறைச்சுக்கிட்டு நிக்குது. நாச்சிமுத்து அண்ணன் கொஞ்சம் வெடுக்குன்னு பேசற ஆளு. பயந்துக்கிட்டேதான் போனா.

"ஏனுங்கண்ணா, அந்த வேப்பமரம்..."

"மரத்தத் தொட உட மாட்டேன்." அவ முடிக்கவே இல்லை, அதுக்குள்ள சொல்லிட்டாரு. "ஆடுக எங்க போய் நிக்கும்?"

அவ சண்டை போடலை. "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்கண்ணா"ன்னு மட்டும் சொன்னா. அவரும் முணுமுணுத்துக்கிட்டே வந்தாரு. கம்பத்தடியில நின்னு அண்ணாந்து பாத்தாரு.

"இந்த ஒரு கொம்புதானா?"

"ஆமாங்கண்ணா."

"அட, மொத்த மரத்தையும் கேக்கறயோன்னு இருந்தேன்." வேட்டிய மடிச்சுக் கட்டி மரத்துல ஏறிட்டாரு. சரக் சரக்குன்னு அருவா. கொம்பு விழுந்துச்சு, தழைய ஆடுக தின்னுச்சு. "பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குது?"ன்னு கேட்டுக்கிட்டே எறங்கினாரு. அவளுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

அன்னைக்கு இருட்டுற வரைக்கும் எரிஞ்சுது. விடியறப்போ? மறுபடி அணைஞ்சு கெடக்குது.

என்ன, தூங்கிட்டயா?

ம்ம்.

மூணாவது தடவை வானதியம்மா சொன்னாங்க, "பகல்ல ஓடுது, வெயில் போனா தாங்கல. அப்போ பேட்டரிதான் கெழடாயிருச்சு, வாங்கற கரண்ட வெச்சுக்க முடியல. புதுசு பஸ்ல போட்டு விடறேன். ஆனா அத நீங்க மாட்ட வேண்டாம். ஒயரு வேலை தெரிஞ்சவங்களக் கூப்பிடுங்க."

ஊர்ல ஒயரு வேலை தெரிஞ்சது ஒரே ஆளு, கதிரேசன். அவரு எங்க வேலை பாக்கறாரு தெரியுமா? கிரஷர்ல.

சம்பூர்ணத்துக்குத் திக்குன்னுச்சு. கிரஷர்காரங்களுக்கு இந்தப் பெட்டி அணைஞ்சு கெடந்தாத்தானே நல்லது, அந்தாளு வருவானா, வந்தாலும் ஒழுங்கா மாட்டுவானான்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. ஆனா வேற வழி இல்லை. போய்க் கேட்டா.

கதிரேசன் ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்தாரு. தலை, புருவம், மீசை எல்லாம் ஒரே வெள்ளை. மூஞ்சில துண்டக் கட்டியிருந்தாரு. ஏணியில ஏறிப் பெட்டியத் தொறந்தாரு. உள்ள ஒரே எறும்பு. மூடியில இருந்த ரப்பர் வளையம் விட்டுப்போயி, மழைத்தண்ணி எறங்கி, ஒயரு முனையெல்லாம் பச்சைக் களிம்பு. பேட்டரி வவுறு உப்பிப் போய்க் கெடந்துச்சு.

"நல்லவேளை, நீங்க கை வெக்கலை"ன்னாரு. எறும்பத் தட்டி விட்டாரு. களிம்பச் சொரண்டினாரு. கர்க் கர்க். புதுப் பேட்டரிய மாட்டினாரு. மீட்டர வெச்சுப் பாத்துத் தலையாட்டினாரு. மூடிக்குப் புது ரப்பரும் போட்டு இறுக்கினாரு. லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டேதான் அத்தனையும் செஞ்சாரு.

சம்பூர்ணம் மனசுல இருந்தது வாயில வந்துருச்சு. "உங்க மொதலாளி எதும் சொல்ல மாட்டாருங்களா?"

அவரு எறங்கித் துண்ட அவுத்தாரு. "சொன்னாச் சொல்லட்டும்ங்க. இது சிவப்பு எரிஞ்சாத்தான் அங்க தண்ணி பீச்சறாங்க. இது அணைஞ்சதுல இருந்து பீச்சறதில்லை. உங்களுக்கு ஊருக்குள்ள வர்றது மிச்சம் மீதித் தூசிங்க. நாங்க அதுக்குள்ளயே நிக்கறோம்."

 இத்தனை நாளா அந்தப் பக்கம் நிக்கறவங்களப் பத்தி அவ ஒரு தடவைகூட நெனைச்சதில்லை.

மறுநாள் விடிஞ்சுது. காத்து ஊஊன்னு அடிக்குது. சம்பூர்ணம் மைதானத்துக்கு ஓடினா. பெட்டி முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. சிவப்பு. பளிச்சுன்னு சிவப்பு. புள்ளைங்கள உள்ள உக்கார வெச்சு சன்னலச் சாத்தினாங்க. மேக்கால கிரஷர்ல புஸ்ஸ்ஸுன்னு தண்ணி பீச்சற சத்தம் கேட்டுச்சு. தூசி அப்படியே அமுங்கிப் போச்சு. யாழினி நெஞ்சுல விசில் இல்லை.

அப்புறம் அவ என்ன பண்ணினா தெரியுமா? அரிசி ஊற வெச்சு இடிச்சு, வெல்லப்பாகு காச்சி, ஒரு குண்டா நெறைய அதிரசமாட்டம் கச்சாயம் சுட்டா. வானதியம்மாவுக்கு டப்பாவுல போட்டு பஸ்ல குடுத்து விட்டா. நாச்சிமுத்து அண்ணனுக்கு ஒரு தட்டு. மிச்சத்தத் தலையில வெச்சுக்கிட்டு, மக கையப் புடிச்சுக்கிட்டு, கிரஷர் கேட்டுக்குப் போனா. சாப்பாட்டு நேரம். கச்சாயம்னதும் எல்லாரும் குழாயடியில மொகம் கழுவிட்டு வந்தாங்க. வெள்ளை போயி, ஒவ்வொரு மொகமாத் தெரிஞ்சுது. கெழவரு, பொண்ணுங்க, வடக்க இருந்து வந்தவங்க, கதிரேசன். எல்லாரையும் அன்னைக்குத்தான் அவ மொதமொதலாப் பாத்தா. ஒவ்வொருத்தரு கையிலயும் ரெண்டு ரெண்டா வெச்சா. நன்றின்னு சொல்ல வாயெடுத்தா, அதுக்குள்ள அடுத்த கை நீண்டுச்சு. யாழினிதான் நல்லா இழுத்து மூச்சு வாங்கி, "சூடா இருக்குது, ஊதித் தின்னுங்க"ன்னா.

அவ்வளவுதான் சாமி. கதையும் வூடு போய்ச் சேந்துருச்சு. நீயும் நல்லா மூச்சு விட்டுக்கிட்டுத் தூங்கு.