ஏழாவது அனுவாகம்

எங்கள் காலனி சிவன் கோயிலில் பிரதோஷத்தன்று ருத்ரம் சொல்லப் பதினொரு பேர் உட்காருவோம். நடுவில் கேதார கனபாடிகள், வயசு இருபத்தெட்டு. சுற்றி நாங்கள் பத்துப் பேர், எல்லாருக்கும் அறுபது தாண்டியாச்சு. அவர் குரு, நாங்கள் சிஷ்யர்கள். அப்படித்தான் அமைந்தது, என்ன செய்ய!

எங்களில் பஞ்சாபகேசன் மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாசம் ஒரு நாள் காலையில் கனபாடிகள் வீட்டுக்குப் போய், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாராம். இதெல்லாம் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது.

“வாத்தியாரே, என்னைப் பதினொண்ணுலேர்ந்து எடுத்துடுங்கோ.”

“ஏன் மாமா?”

“ஏழாவது அனுவாகம் எனக்கு வராது. ஒரு வருஷமா வெறுமனே வாயை அசைச்சிண்டிருக்கேன்.”

ருத்ரத்தில் மொத்தம் பதினொரு அனுவாகம், அதாவது பதினொரு பகுதி. நடுவில் நாலைந்து ஒரே சாயலில் இருக்கும். ஏழில் ஆரம்பித்து ஒன்பதில் போய் முடித்த மகானுபாவர்கள் உண்டு.

“ஆத்துக்காரி முன்வரிசைல உட்கார்ந்து வீடியோ எடுக்கறா. பூனால இருக்கற பொண்ணுக்கு அனுப்பறா. அது ‘அப்பா, சூப்பர்’ங்கறது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, வாத்தியாரே.”

சொல்லும்போதே மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“யாரைப் பார்த்து வாயசைப்பேள்?”

“சம்பந்தியைப் பார்த்துதான். விஸ்வேஸ்வரன் வாயைப் பார்த்தா போதும், ஒரு அட்சரம் பிசகாது.”

நிஜம்தான். எங்கள் பத்துப் பேரில் மற்ற ஒன்பது பேருக்கும் ஸ்வரத்தில் குற்றம் சொல்கிற மனிதர் அந்த விஸ்வேஸ்வரன்.

கனபாடிகள் சொன்னார்:

“இந்தப் பிரதோஷம் மட்டும் வந்துடுங்கோ மாமா. அப்புறம் பார்க்கலாம்.”

பிரதோஷம் வந்தது. அபிஷேகம் ஆரம்பித்தது. ஆறு அனுவாகம் வரைக்கும் கோயிலே அதிர்ந்தது. ஏழாவதை எடுத்துக் கொடுத்த கனபாடிகள், இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். லிங்கத்தின் மேல் பால் சொட்டுகிற சத்தம் கேட்டது.

பத்து வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. குருக்கள் பால் சொம்போடு திரும்பிப் பார்த்தார். பஞ்சாபகேசன் விஸ்வேஸ்வரனைப் பார்த்தார். விஸ்வேஸ்வரன் ஏற்கெனவே பஞ்சாபகேசனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்காதீர்கள், நான் நந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் வீடியோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கனபாடிகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

எல்லாம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது, யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. பஞ்சாபகேசன் மட்டும் தொன்னையோடு கனபாடிகள் எதிரே போய் நின்றார்.

“இத்தனை நாளா நீங்க ஒருத்தர்தான் சொல்லிண்டிருந்தேளா?”

“ஆமாம் மாமா.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தேள்?”

“யாராவது வந்து சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க ஒருத்தர்தான் வந்தேள்.”

பஞ்சாபகேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்போ நான் விலகிக்கட்டுமா?”

“நாளைக்குக் காலம்பற அஞ்சரைக்குப் பாடத்துக்கு வந்துடுங்கோ,” என்றார் கனபாடிகள். “நீங்க விலகிட்டா, பாவம், விஸ்வேஸ்வர மாமா யார் வாயைப் பார்ப்பார்?”