வடிவு கட்டிய மஞ்சள் துண்டு

இது என் விடுதித் தோழி சொன்ன கதை. அவளுக்கு அவளுடைய பெரியப்பா சொன்னாராம். நடுவில் யார் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வந்து சேர்ந்தபடியே சொல்கிறேன்.

ஒரு குளத்தங்கரையில் பெரிய புங்கமரம் ஒன்று இருந்தது. அதில் ஒரு கிளை கிடைத்தால் போதும், வருஷம் முழுக்கப் பூச்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் யாரும் தாமாகப் போய் உட்கார்ந்துவிட முடியாது. மாதம் ஒருமுறை குளத்து உயிர்கள் காலையில் கூடும். கிளை கேட்பவர் எல்லார் முன்னாலும் அந்தக் கிளையின் அடியிலிருந்து நுனிவரை நடந்து திரும்பி வரவேண்டும். குளத்தின் நடுவில் ஒரு பாறை. மரத்தின் நிழல் அந்தப் பாறையை விட்டு விலகுவதற்குள் நடந்து முடித்தால் கிளை அவருக்கு. முடியாவிட்டால் அடுத்த மழைக்காலம்வரை கேட்கவே கூடாது.

வடிவு முள்காட்டில் பிறந்த பச்சோந்தி. அந்த வருஷம் முள்காடு காய்ந்து, ஈ எறும்புகூட அகப்படவில்லை. இரண்டு மாதமாக அரை வயிறு. அவள் வம்சத்தில் யாரும் இதுவரை புங்கமரத்தில் கிளை கேட்டதில்லை. எங்கே நிற்பது, யாரை முதலில் வணங்குவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட ஆளில்லை. ஆனாலும் கிளம்பிவிட்டாள்.

வழியில் இரண்டு மைனாக்கள் அவளைப் பிடித்துக்கொண்டன.

“ஏய், முள்காட்டு மகாராணி! வெறுங்கழுத்தோடவா சபைக்கு வரப்போறே?”

“ஏன் அண்ணே, அப்படி வரக்கூடாதா?”

“வரலாம், வரலாம்! வந்த வழியே திரும்பியும் போகலாம்! போன மாசம் கொண்டைக்குருவி எப்படி வந்துச்சு தெரியுமா? கழுத்துல துண்டு! சும்மாவா கிளை கொடுத்தாங்க?”

வடிவு அங்கே நிற்கவில்லை. நேராகத் தையல்சிட்டிடம் போனாள். இலையைச் சிலந்தி நூலால் தைத்துத் துண்டும் வளையமும் செய்து தருவது அந்தச் சிட்டின் தொழில். கைவேலையில் கெட்டிக்காரி. வாய் மட்டும் ஓயாது.

அது உச்சிப்பொழுது. அத்தி நிழலில் வடிவு இளம்பச்சையாக நின்றிருந்தாள். தையல்சிட்டு அவளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது.

“அடடா, என்ன பச்சை! இதுக்குப் பழுத்த பூவரச இலை மஞ்சள்தான் எடுப்பா இருக்கும். சிவப்புப் பக்கம் போயிடாதே, கண்ணு கூசும்.”

“சரிக்கா.”

“ஆனா உடம்பு தட்டை. முதுகும் கூன். வருத்தப்படாதே, அதுக்கும் வழி இருக்கு! வாலில் ஒரு ஓலை வளையம் போட்டுட்டா, பார்க்கிறவங்க கண்ணு முதுகுல நிக்காது, வாலுக்குப் போயிடும்.”

துண்டும் வளையமும் தைத்து மாட்டியானதும் வடிவு ஒரு கண்ணால் தையல்சிட்டைப் பார்த்தாள். மறு கண்ணால் தண்ணீரில் தெரிந்த தன்னைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ‘நான் எப்போதும் இந்த நிறத்தில் இருக்கமாட்டேன் அக்கா’ என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவ்வளவு தெரிந்த ஒருத்தியிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பாளோ என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை சபை கூடியது. மார்கழிப் பனி இலைதோறும் சொட்டியது. நெற்றியில் வெள்ளை நாமம் போட்டதுபோல் இருக்கும் நாமக்கோழிதான் சபைத் தலைவர்.

“கிளை கேட்பவர் யார்?”

“நான்தாங்க. வடிவு. முள்காடு.”

“எந்தக் கிளை?”

“கிழக்கே நீண்டிருக்கிற கிளைங்க.”

“நட!”

குளிர்ந்த காலைகளில் வடிவு விழித்ததும் கரிக்கட்டைபோல் கறுத்துவிடுவாள். உடம்பை இன்னும் தட்டையாக்கி வெயிலுக்குப் பக்கத்தைக் காட்டி நிற்பாள். சூடு ஏறிய பிறகுதான் கால் எடுத்து வைப்பாள். அவள் அம்மா அப்படித்தான், அம்மாவின் அம்மாவும் அப்படித்தான். ஆனால் இன்று கழுத்தில் மஞ்சள் துண்டு இருந்தது. அது பச்சைக்குப் பார்த்துத் தைத்த துண்டு. கறுப்பில் அது எப்படி இருக்கும்? அடுப்பில் விழுந்த சாமந்திப்பூபோல் இருக்கும்!

அதனால் வடிவு மூச்சைப் பிடித்துப் பச்சையையும் பிடித்துக்கொண்டாள். கிளையில் ஏறினாள்.

முதல் நாலு அடி சரியாகப் போயிற்று. ஐந்தாவது அடியில் கால் மரத்தது. குளிர் எலும்புவரை இறங்கியிருந்தது. கிளை மெலிந்த இடத்தில், வழக்கம்போல் வாலைச் சுற்றிப் பிடிக்கப் பார்த்தாள். ஓலை வளையம் தடுத்தது. வால் சுருளவில்லை. வழுக்கி ஒரே காலில் தொங்கினாள்.

“விழப்போறா, விழப்போறா!” என்று மைனாக்கள் குதித்தன. “துண்டு மட்டும் ஜோரா இருக்கு!”

“விழுந்தால் தண்ணீர்தான், அடி படாது” என்றார் நாமக்கோழி. ஆறுதலாகச் சொன்னாரா, அலுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

வடிவு கீழே பார்த்தாள். குளம் தெரிந்தது. பாறையில் இன்னும் நிழல் இருந்தது. ஆனால் பாதிப் பாறையைத்தான் மூடியிருந்தது. விழுந்தால் கிளை இல்லை, மறுபடி முள்காடுதான். முள்காட்டில் அடுத்த மழைவரை அவள் உயிரோடு இருப்பாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

தட்டுத்தடுமாறி மேலே ஏறினாள். வாயால் வளையத்தைக் கடித்து இழுத்தாள். அது குளத்தில் விழுந்தது. பிறகு துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். பிறகு, பிடித்துவைத்திருந்த பச்சையை விட்டுவிட்டாள்.

அத்தனை பேர் முன்னாலும் கன்னங்கரேலென்று கறுத்தாள். விலா ஒட்ட, முதுகுக் கூன் இன்னும் உயர, வெயிலுக்குப் பக்கத்தைக் காட்டி அசையாமல் நின்றாள்.

“ஐயய்யோ, என்ன கோலம் இது!”

“செத்துப் போயிட்டாளா?”

“ஏம்மா வடிவு!” என்று நாமக்கோழி கூப்பிட்டார். “நிழல் நகருது. நடக்கிறியா, இல்லையா?”

“நடப்பேங்க. கொஞ்சம் வெயில் காய்ஞ்சுக்கிறேன்.”

சிரிப்பு அலை அலையாக வந்தது. வடிவுக்கு எல்லாம் கேட்டது. ஓடிப்போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் ஓடுவதற்கும் சூடு வேண்டுமே! நின்றாள். பாறையில் நிழல் உள்ளங்கை அளவு சுருங்கியபோது அவள் கால்களுக்கு உயிர் வந்தது.

நடந்தாள். மெலிந்த இடத்தில் வால் கிளையைச் சுற்றி இறுகப் பிடித்தது. தட்டை உடம்பில் காற்று மோதாமல் நழுவியது. நுனியைத் தொட்டுத் திரும்பினாள். அவள் அடிமரத்துக்கு வந்து சேர்ந்தபோது பாறையின் ஓரத்தில் ஒரு கீற்று நிழல் மிச்சம் இருந்தது.

“கிழக்குக் கிளை வடிவுக்கு” என்றார் நாமக்கோழி. மைனாக்கள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டன.

தையல்சிட்டு பறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. 

“உச்சி நேரத்துல பார்த்து உச்சி நேரத்துக்குத் தச்சுட்டேன். தப்புதான்.”

“நானும் சொல்லலையே அக்கா. பயந்துட்டேன்.”

“சரி, இப்பச் சொல்லு. காலையில என்ன நிறம்? கோபம் வந்தா என்ன நிறம்? தூங்குறப்ப? வால் என்ன வேலை செய்யும்?”

வடிவு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தையல்சிட்டு நடுவில் குறுக்கிடாமல் கேட்டது. இரண்டு நாள் கழித்துச் சாம்பல் நிறத்தில் மெல்லிய நார்த் துண்டு ஒன்று கொண்டுவந்தது. பச்சையோடும் அது சண்டை போடவில்லை, கறுப்போடும் போடவில்லை. கழுத்து வளைவில் தளர்வாகப் படுத்துக் கிடந்தது. வாலுக்கு எதுவும் இல்லை.

“இது எப்படி இருக்கு?”

வடிவு தண்ணீரைப் பார்க்கவில்லை. முதலில் கிளை நுனிவரை ஒரு நடை போய்வந்தாள்.

“நல்லா இருக்குக்கா” என்றாள்.

தனக்குப் பொருத்தமானதைத் தேடுகிறவர், தன் நிறமும் உடம்பும் எல்லா வேளையிலும் எப்படி இருக்கின்றன, தனக்கு என்ன செய்து தருகின்றன என்பதை முதலில் அறிந்து, அதைக் கூசாமல் சொல்ல வேண்டும்.

கதையில் ஒன்றை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. பச்சோந்தி ஒளிந்துகொள்ளத்தான் நிறம் மாறும் என்று நினைத்திருந்தேன். பிறகு கல்லூரி நூலகத்தில் விலங்கியல் புத்தகங்களைத் தேடிப் பார்த்தேன்: குளிர்ந்த காலையில் பச்சோந்தி உண்மையிலேயே தன் உடம்பைக் கருமையாக்கிக்கொண்டு, பக்கவாட்டைச் சூரியனுக்குக் காட்டித்தான் சூடேற்றிக்கொள்கிறது.