காந்தாரி மிளகாயும் கல்யாணக் காரும்

நீலகிரி மலைமேல் கேத்தியில் தை மாதத்து உறைபனி கொட்டிய காலை. பட்டு வேட்டிக்கு மேலே ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, இந்தக் கோலத்தில் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான் மாப்பிள்ளை குணாளன். மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் மண்டபத்தில் எட்டரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். உறவுக்கூட்டம் முந்தின நாளே வேனில் இறங்கிவிட்டது. "நீங்களும் இன்னைக்கே வந்துருங்க, பனியில டீசல் வண்டியை நம்பாதீங்க" என்று கல்யாணப் பெண் கௌசல்யா போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "நான் மலைக்காரன், பனி என்னை என்ன பண்ணும்?" என்று மார்தட்டிவிட்டுப் பின்தங்கியவன் இவன்தான். இப்போது மணி ஆறு. தாய்மாமன் தண்டபாணியின் கார் இருமுகிறதே ஒழியக் கிளம்பவில்லை.

பக்கத்து லைன் வீட்டிலிருந்து ஸ்பேனரோடு வந்து சேர்ந்தார் மெக்கானிக் சேவியர். வேலை சுத்தமான வேலை. வாயைத் திறந்தால் மட்டும் ஒரு சொல்கூட உண்மை வராது என்று ஊரே சொல்லும்.

"சாவியைத் தொடாதீங்க மாப்ளே. டீசல் சூட்டுலதான் பத்தும். அந்தச் சூட்டைக் குடுக்கிறது ஹீட்டர் பிளக். நாலு சிலிண்டருக்கு நாலு." ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேட்டரி வயரை வைத்துப் பார்த்தார். இரண்டு செக்கச்செவேலென்று கனன்றன. இரண்டு செத்துக் கிடந்தன. அவர் சட்டைப்பையில் இருந்த புது பிளக்கோ ஒன்றே ஒன்று.

"அப்ப இன்னொண்ணுக்கு?" குணாளனுக்கு அழுகை முட்டியது.

"இதுக்குப் போயா? ஒரு தடவை தொட்டபெட்டாவுல ஒரு ஜீப்புக்கு நாலுமே இல்ல. காந்தாரி மிளகாய் நாலைச் சொருகிவிட்டேன். ஒரே உதைல ஸ்டார்ட்டு! என்ன, குன்னூர் வரைக்கும் 'ஸ்ஸ்ஸா, ஸ்ஸ்ஸா'ன்னு காரம் தாங்காம ஊதிக்கிட்டே போச்சு. வழியில நிறுத்தி ரேடியேட்டர்ல மோர் ஊத்தினோம்."

"நீங்க விடுற புளுகுக்கு அந்த மிளகாயே தேவலாம்," என்றார் தண்டபாணி மாமா. குளிரில் அவர் கை வெடவெடவென்று ஆட, பிளக்கைப் பிடிக்கும் வேலை மாப்பிள்ளை தலையில் விழுந்தது. மருதாணி வைத்த கையில் கரியும் டீசலும் ஏறின.

எல்லாவற்றையும் திரும்ப முடுக்கியதும் சேவியர் விரலை நீட்டி எச்சரித்தார். "மூணுதான் வேலை செய்யும். அதனால மூணு தரம் சூடேத்தணும். ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங் முன்னால எரியுற அந்தச் சுருள் விளக்கு அணையணும், அணைஞ்ச பிறகும் கொஞ்சம் பொறுக்கணும். பேட்டரில ஒரு ஸ்டார்ட்டுக்குத்தான் உசிர் இருக்கு. அவசரப்பட்டீங்க, இன்னைக்குக் கல்யாணம் போன்லதான்."

சாவியை முதல் தரம் போட்டான் குணாளன். விரல் துறுதுறுத்தது.

"கையை எடுங்க, கதையைக் கேளுங்க. அப்புறம் ஒரு லாரிக்கு நானே பிளக் செஞ்சு போட்டேன். அது உருளைக்கிழங்குக் காடு வழியா போச்சு பாருங்க, ரெண்டு பக்கமும் மண்ணுக்குள்ளயே கிழங்கு வெந்துருச்சு. ஜனங்க உப்பும் மிளகாத்தூளும் எடுத்துக்கிட்டு லாரி பின்னாலயே ஓடினாங்க."

"தோல் உரிச்சதும் நீங்கதானா?" என்றார் மாமா.

"எனக்கு எங்க நேரம்? ரெண்டாவது தரம் போடுங்க மாப்ளே. அந்தச் சூட்டுல மலையில பனியே நின்னுபோச்சு. ஸ்வெட்டர் விக்கிறவங்க எல்லாம் என் வீட்டு முன்னால வந்து உக்காந்து அழுதாங்க. பாவமா இருந்துச்சு. பிளக்கைக் கழட்டி ஊட்டி ஏரியில வீசிட்டேன். அன்னையில இருந்து ஏரி பூரா வெந்நீர்."

"போன வாரம்தான் கை வெச்சேன். ஐஸாட்டம் இருந்துச்சு," என்று பல்லைக் கடித்தான் குணாளன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நீங்க குளிர்ந்த பக்கம் வெச்சுட்டீங்க. படகுத்துறைக்கு அந்தப் பக்கம் போங்க, துண்டும் சோப்புமா ஜனம் வரிசையில நிக்குது. மூணாவது தரம்... பொறுங்க... ம், இப்ப அடிங்க!"

கார் ஒரு முறை உறுமியது, குலுங்கியது, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. சாவிப் பக்கம் தன் கை போகாமல் பிடித்து வைத்ததே அந்தப் புளுகுதான் என்று குணாளனுக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷத்தில் சேவியரையும் அள்ளிக் காரில் போட்டுக்கொண்டான்.

மண்டபத்து வாசலில் நுழையும்போது மணி எட்டு இருபது. ஐயர் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. "என்ன மாப்ளே, என்ன ஆச்சுங்க?"

மணமேடையிலிருந்து கௌசல்யா நிமிர்ந்து பார்த்தாள். மலைக்காரன் பனியில் மாட்டிக்கொண்டான் என்று அவள் முன்னால் எப்படிச் சொல்வது? குணாளன் தொண்டையைச் செருமினான்.

"கல்லாறுல யானை மறிச்சிருச்சுங்க மாமா."

"அடக் கடவுளே! ஒண்ணா?"

"ஒன்பது. குட்டிகளைச் சேர்க்காம." பின்னால் நின்ற சேவியர் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தினார். குணாளன் அதோடு விடவில்லை. "நானே இறங்கிப் போய், 'முகூர்த்தம் தவறுது, கொஞ்சம் ஒதுங்குங்க'ன்னு சொன்னேன். பெரிய கொம்பன் தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிச்சுது."

கூட்டம் வாயைப் பிளந்தது. "மலைக்காரங்களுக்குத்தான் அந்தத் தைரியம் வரும்," என்று யாரோ சொல்ல, குணாளனுக்குத் தலைகால் புரியவில்லை. எட்டரைக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் தாலி ஏறியது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

கையைப் பிடித்து அக்கினியை வலம் வரச் சொன்னார் ஐயர். நீட்டிய கையைக் கௌசல்யா பிடித்தாள். அதைத் திருப்பி ஒரு தரம் பார்த்தாள். லேசாக முகர்ந்தும் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள் தணிந்த குரலில், "அந்தக் கொம்பன் டீசல்ல ஓடுதுங்களா?"