ஏழூர் ஏரிக்கு வந்த பந்தயம்

மருதங்கோட்டை எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். கதைக்குப் போய் யாராவது வழி கேட்பார்களா? இருந்தது, அவ்வளவுதான். நடுவில் தலைநகராக அது, சுற்றிலும் ஆறு ஊர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய ஏரி. ஏழூர்ச் சீமை என்று பேர். ராசா பூபதிரங்கருக்குத் தன் சீமையின் பேர் கடல் தாண்டிப் பேசப்பட வேண்டும் என்று கொள்ளை ஆசை.

அந்தக் காலத்தில் ஐம்பத்தாறு தேசத்து வீரர்களும் ஓரிடத்தில் கூடி ஓடித் தாண்டி மல்லுக்கட்டும் பெரும்பந்தயம் ஒன்று உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நகரத்தில். அடுத்த வருஷத்துப் பந்தயம் ஏழூர்ச் சீமைக்கு வேண்டும் என்று ராசா ஓலை அனுப்பினார். இடத்தைப் பார்த்து முடிவு சொல்ல, பந்தயத்தை நடத்துகிற கொர்னேலி துரை கப்பலேறிவிட்டார் என்று பதில் வந்தது.

பிரதானி நம்பியப்பர் உடனே யோசனை சொன்னார். பளிங்கில் வட்டமாக ஓர் அரங்கம் கட்டவேண்டும். கூடைக்காரர் தெருவை இடித்தால் இடம் கிடைக்கும். கட்டுமான வேலையைத் தன் மைத்துனர் பார்த்துக்கொள்வார். பாருங்கள், எவ்வளவு நல்ல மனசு!

சபையில் ராசாவைச் சிரிக்க வைத்தே சம்பளம் வாங்குகிறவன் குப்பாண்டி. அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை. அவன் மாமியார் வீடு அந்தத் தெருவில்தான். கூடை பின்னிப் பிழைக்கிற சனம் மூட்டைமுடிச்சோடு எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. மாமியார் எங்கே வருவார் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"மகாராசா, அரங்கம் ஏற்கெனவே இருக்கிறது" என்றான். "துரையை மீன்பிடித் திருநாள் அன்றைக்கு ஏரிக்குக் கூட்டி வாருங்கள், காட்டுகிறேன்."

காட்டாவிட்டால் என்ன செய்வதாம் என்று பிரதானி கேட்டார்.

"தெருவை இடித்துக்கொள்ளுங்கள். முதல் கடப்பாரையை நானே போடுகிறேன்" என்றான் குப்பாண்டி. ராசாவும் சரி என்றுவிட்டார்.

அந்தத் திருநாளைப் பற்றிச் சொல்லவேண்டும். கோடையில் ஏரி வற்றி, நடுவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஏழூர்ச் சனமும் வலையும் கூடையுமாகக் கரையில் திரண்டுவிடும். மீன் கண்ணெதிரே துள்ளும். ஆனாலும் மடைமேல் வெள்ளைத் துண்டு வீசும்வரை ஒருத்தர் கால்கூட ஏரிக்குள் இறங்காது. துண்டு வீசினவர் மறுவருஷமும் வந்து வீசவேண்டும், வராவிட்டால் ஏரி நிறையாது என்பது சனங்களின் நம்பிக்கை. இன்னொரு வழக்கமும் உண்டு. துண்டு யாருடையதோ, அவர் வீட்டிலிருந்துதான் அன்றைக்கு ஏழூர்க் குழம்புக்கும் புளி போகவேண்டும். காலங்காலமாக ராசாவின் துண்டு, அரண்மனைப் புளி. ராசாவுக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். வெளியே சொன்னால் கௌரவம் என்னாவது?

திருநாள் வந்தது. துரையை மடைமேல் ராசா பக்கத்தில் நிறுத்தினான் குப்பாண்டி. அரைவட்டமாக வளைந்த கரை முழுக்கத் தலைகள். இந்தக் கரைதான் உட்காரும் இடம், மீன் பிடித்து முடிந்ததும் ஏரி உலர்ந்துவிடும், அதுதான் ஆடுகளம் என்று கைநீட்டிக் காட்டினான். துரைக்கு இடம் பிடித்துப்போனது. ஆனால் ஒரு கவலை. போன பந்தயத்தில் மணி அடிக்கும் முன்பே கூட்டம் உள்ளே பாய்ந்து எல்லாம் பாழாகிவிட்டதாம்.

"இந்தக் கூட்டம் சொன்னபடி கேட்குமா? எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும்" என்றார் துரை.

இது பிரதானி காதில் விழுந்தது. துரைக்கோ வெயிலில் வியர்த்துக் கொட்டியது. "ஐயோ பாவம், துடைத்துக்கொள்ளுங்கள்" என்று பிரதானி தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வெகு பிரியமாக எடுத்து நீட்டினார். துரை அதை வாங்கி, விரித்து, ஓர் உதறு உதறினார்.

அவ்வளவுதான். ஓவென்று இரைச்சல். ஏழூரும் ஏரிக்குள். ராசாவின் துண்டு ராசா தோளிலேயே கிடந்தது.

"பார்த்தீர்களா மகாராசா" என்றார் பிரதானி. "தங்கள் உத்தரவுக்கு முன்னாலேயே பாய்ந்துவிட்டது. இதை நம்பியா ஐம்பத்தாறு தேசத்தையும் கூப்பிடுவது?"

ராசா முகம் செத்துவிட்டது. குப்பாண்டிக்கு மாமியார் வீட்டுச் சுவரில் கடப்பாரை விழும் சத்தமே கேட்டது. ஆனாலும் துரையைப் பார்த்துக் கைகூப்பினான்.

"துரையவர்களே, நீங்கள் துண்டை உதறும் முன்னால் யாராவது இறங்கினார்களா?"

"இல்லை."

"உதறின பிறகு யாராவது கரையில் நின்றார்களா?"

துரை திரும்பிப் பார்த்தார். அவருக்குக் குடை பிடித்தவனையும் காணோம். "இல்லை" என்றார்.

"எங்கள் ராசா பக்கத்திலேயே நிற்கிறார். இருந்தும் நேற்றுக் கப்பலிறங்கிய உங்கள் கைக்குச் சனம் கட்டுப்பட்டது. நாளைக்குப் பந்தயத்தில் எந்தத் தேசத்து நடுவர் வந்து நின்றாலும் இதே மரியாதைதான்."

துரை வாய்விட்டுச் சிரித்தார். "என் வீட்டில் என் பிள்ளைகளே இப்படிக் கேட்டதில்லை" என்றார்.

அதற்குள் ஊர் நாட்டாமை சேறும் சகதியுமாக மேலே ஏறி வந்து, பெரிய விரால் ஒன்றைத் துரையின் கையில் வைத்தார். அடுத்த வருஷமும் சாமிதான் வந்து வீசவேண்டும் என்று சொல்லி வழக்கத்தையும் விளக்கினார். நழுவுகிற மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துரை சொன்னார்: "எப்படியும் வரவேண்டும் என்றான பிறகு தனியாக வருவானேன்? ஐம்பத்தாறு தேசத்தையும் கூட்டிக்கொண்டே வருகிறேன்."

ராசா தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டி கழுத்தில் போட்டார். தெருவில் ஒரு செங்கல்லையும் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். பிரதானி சத்தமில்லாமல் மடைப்படியில் இறங்கப் பார்த்தார்.

நாட்டாமை தலையைச் சொறிந்தார். "புளிக்கு வண்டி கட்டணுமே. அரண்மனைக்குத்தானே?"

ராசா வழக்கம்போலப் பெருமூச்சு விட்டார். குப்பாண்டி துரையின் தோளிலிருந்த ஈரத் துண்டை எடுத்தான். பிழிந்தான். அழகாக மடித்தான். ரெண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான்.

"பிரதானியாரே, உங்கள் துண்டை மறந்துவிட்டுப் போகிறீர்களே."

ராசா சிரித்த சிரிப்பு ஏரியின் மறுகரை வரைக்கும் கேட்டதாம்.