லாக்கருக்குள் இருந்த சான்றிதழ்

கோயம்புத்தூரில் ஒரு லாக்கர் கம்பெனி. அங்கே பூட்டு பொருத்துகிற துளசிமணி, லாக்கரைத் திறப்பது எப்படி என்று அரைப் பக்கத்தில் எழுதித் தருவாள். அந்தத் தாளைத்தான் எல்லா லாக்கர் கதவிலும் ஒட்டி அனுப்பினார்கள்.

கையேடு எழுதுவதற்கென்றே பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிய ஞானசேகரன் அங்கே மேனேஜராக வந்தார். ஒரே மாதத்தில் நாற்பது பக்கத்துக்கு ஒரு கையேடு எழுதினார். பிறகு முதலாளி முன்னால் துளசிமணியைக் கூப்பிட்டு, ஆபீஸ் லாக்கரில் ஒட்டியிருந்த அவள் தாளைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"சான்றிதழ் இல்லாதவங்க எழுதக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு கொண்டு வா. இல்லைன்னா வேலையை விட்டு நின்னுக்கோ."

"நான் அதைக் கண்ணால பார்த்ததில்லைங்க சார். உங்களோடதைக் காட்டினீங்கன்னா, அதே மாதிரி வாங்கிட்டு வர்றேன்."

அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அந்த லாக்கருக்குள்தான் இருந்தது.

மேனேஜர் தன் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு எண்களை அழுத்தினார். முப்பத்தோராம் பக்கம் வருவதற்குள் லாக்கர் மூன்று முறை கத்திவிட்டு அடங்கியது. கதவு அசையவில்லை.

"உள்ளே வைக்கிறப்ப எப்படித் திறந்தீங்க?" என்று கேட்டார் முதலாளி.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அந்தத் தாள் கதவுல ஒட்டியிருந்துச்சு சார்."

துளசிமணி குப்பைத்தொட்டியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.